அரைப் பேரும் அரைப் புள்ளியும்

சூதாட்டம் தீது என்று நிறுவுவதற்கு ஒரு கட்டுரை தேவையில்லை. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். திருவிழா மேடைகளிற் பேசவரும் பெரியவர்கள் ஆண்டுதோறும் அதையே சொல்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களை ஆண்ட துரைமாரும் அதையே சொன்னார்கள்; அவர்களுடைய காரணம் வேறு. தொழிலாளிக்கு எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் அது சாராயக் கடைக்கும் ரேஸ் கடைக்கும்தான் போய்ச் சேரும், ஆகவே கூட்டிக் கொடுப்பதிற் பயனில்லை என்பது அவர்களது வாதம். அறநூலாசிரியரும் முதலாளியும் ஒரே தீர்ப்பைக் கூறும்போது, அந்தத் தீர்ப்புக்குள் விசாரிக்கப்படாத ஏதோ ஒன்று எஞ்சி நிற்கிறது என்று நாம் ஐயுறுவதில் தவறில்லை.

எஞ்சி நிற்கும் அந்தக் கேள்வி இதுதான். பந்தயம் மோசடி என்றால் அதைக் கண்டிப்பது எளிது. கண்டித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் மோசடியே இல்லாத, இரு தரப்பினருக்கும் சரிசமமான வாய்ப்பைத் தருகிற பந்தயம் ஒன்று இருக்குமானால், அதில் என்ன குற்றம்? இன்றைய பந்தயத் தொழில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது இதைத்தான். 'நாங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு பக்கத்தையும் சமன்செய்து வைத்திருக்கிறோம். எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் கட்டுங்கள்' என்கிறது அது. இந்தச் சமன்பாட்டை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். சமத்துவம் என்ற சொல்லை இலட்சியமாகக் கொண்டவர்களுக்கு, அந்தச் சொல் எந்தெந்தக் கடைகளில் விற்பனையாகிறது என்பது தெரிந்திருக்க வேண்டியதன்றோ?

மலையகத்தின் நகரங்களில், அட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ, மாலையில் ரேஸ் கடைப் பக்கம் சென்றால் ஒரு விசித்திரமான காட்சியைக் காணலாம். இங்கிலாந்திற் பிற்பகல் 2 மணிக்கு ஓடும் குதிரை நமது கடிகாரத்தில் கோடையானால் மாலை ஆறரைக்கும், குளிர்காலமானால் ஏழரைக்கும் ஓடுகிறது. அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்து, மலையிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து நகரத்துக்கு வருவதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. நுவரெலியாவில் ஏப்ரல் மாதத்துச் சீசனில் ஆளுநர் கிண்ணத்துக்காக ஓடும் குதிரைகளையாவது நம்மவர்கள் கண்ணாற் காண்கிறார்கள். வேலிக்கு இப்பால் நின்றேனும் காண்கிறார்கள். ரேஸ் கடைக்குதிரையோ, ஒருபோதும் போக முடியாத ஒரு தேசத்தின் புல்வெளியில் ஓடுகிறது. இருந்தும், இங்கிலீஷில் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தெரியாதவர்கூட, ரேஸ் பேப்பரில் அந்தக் குதிரையின் பெயரையும் அது சுமக்கும் எடையையும் தடுமாறாமல் வாசிக்கிறார்.

அந்த எடையில்தான் நம் விஷயம் தொடங்குகிறது. அங்கே ஓடும் பந்தயங்களிற் பெரும் பகுதி 'ஹண்டிகாப்' என்னும் வகையைச் சேர்ந்தவை. எந்தக் குதிரை வேகமானதோ அதன் முதுகில் அதிக எடை. எது மந்தமானதோ அதற்குக் குறைந்த எடை. வேண்டிய எடை சேராவிட்டால் சேணத்தின் அடியில் ஈயத் தகடுகளைச் செருகி நிறையைக் கூட்டுவார்கள். அட்மிரல் ரௌஸ் என்பவர் 1855ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பொது எடை வகுப்பாளராகி, வயதுக்கும் திறமைக்கும் தக்க எடை அட்டவணைகளை ஒழுங்குபடுத்தினார். எல்லாக் குதிரைகளும் எல்லைக் கம்பத்தை ஒரே கணத்திற் கடக்க வேண்டும். அதுவே இந்தக் கலையின் இலட்சியம். அப்படி ஒரு நாள் நடந்துவிட்டால் எடை வகுத்தவர் மகிழ்ச்சியால் உயிர்விட்டுவிடுவார் போலும்.

குதிரைக்கு ஈயம் ஏற்றியவர்கள் பிற்காலத்தில் மனிதனுக்கும் ஏற்றினார்கள். ஈயம் மட்டும் கண்ணுக்குத் தெரியாததாயிற்று. அமெரிக்காவிற் கூடைப்பந்து, காற்பந்து ஆட்டங்களுக்குப் பந்தயம் கட்டுவோர், பலமான அணி எது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கையில் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடுவார்கள். பந்தயக்காரருக்கு வியாபாரம் நடவாது. 1940களிற் சிக்காகோவில் இதற்கு ஒரு வழி வகுத்தவர் என்று சார்ல்ஸ் மக்னீலைக் குறிப்பிடுவார்கள். அவர் முன்பு கணித ஆசிரியராக இருந்தவர் (நம் தொழிலுக்கு இது பெருமையா சிறுமையா என்பதை வாசகர் முடிவு செய்க). யார் வெல்வார் என்று கேட்காதே, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்வார் என்று கேள்: அவர் வகுத்த வழி இவ்வளவுதான்.

இதை எனக்கு விளங்கும்படி எடுத்துக்காட்டியவன், என்னிடம் உயர்தரம் படித்து, இன்று கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலைசெய்யும் இளைஞன். தீபாவளிக்கு லயத்துக்கு வந்திருந்தவன் தன் கைத்தொலைபேசியைத் திறந்து காட்டினான். நியூயோர்க்கில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், குளிர்காலத்தில் இங்கே விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கும். அவன் தாய் பெரட்டுக்குப் புறப்பட ஆயத்தமாகும் வேளை அது. பலமான அணியின் பெயருக்கு எதிரே கழித்தல் ஆறரை என்று இருந்தது. அந்த அணி ஏழோ அதற்கு மேலோ புள்ளி வித்தியாசத்தில் வென்றால் அதன்மேற் கட்டியவனுக்குப் பணம். ஆறு புள்ளியால் வென்றாலும், தோற்றாலும், எதிர்ப்பக்கம் கட்டியவனுக்குப் பணம்.

"இதுல கள்ளம் ஒன்னுமில்ல சேர். பலமான டீமுக்கு ஆறரை புள்ளி பாரம். ரெண்டு பக்கமும் சமம்" என்றான்.

கூடைப்பந்தாட்டத்தில் அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. எந்த வீரனும் அதை எடுக்க முடியாது. எந்த நடுவரும் அதை வழங்க முடியாது. மைதானத்தில் இல்லாத அந்த அரைப் புள்ளி பந்தயத்தாளில் மாத்திரம் இருக்கிறது. அது அங்கே இருப்பதற்குக் காரணம், ஆட்டம் சரிசமமாய் முடிந்து பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிலை வரக்கூடாது என்பதே. யாராவது ஒருவர் தோற்றே ஆகவேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். அங்கே வழக்கமான விதிப்படி 100 ரூபாய் வெல்வதற்கு 110 ரூபாய் கட்ட வேண்டும். ஒரு பக்கம் ஒருவரும் மறுபக்கம் ஒருவருமாக இருவர் கட்டினால் பந்தயக்காரர் கையில் 220 ரூபாய். வென்றவருக்கு அவர் கட்டிய 110உம் அதன்மேல் 100உம் ஆக 210 போய்விடும். எஞ்சும் 10 ரூபாய், எந்த அணி வென்றாலும், பந்தயக்காரருக்கு. ஆகவே ஒருவன் பாதி தடவை வென்று பாதி தடவை தோற்றால் அவன் நட்டப்பட்டவனே. 21 தடவை கட்டினால் 11 தடவை வென்ற பிறகே அவனது முதல் அவனிடம் நிற்கும். அதற்கு மேல் வெல்பவை மட்டுமே இலாபம். இந்த 10 ரூபாய்க்கு மலைநாட்டிற் பிறந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குக்கு என்றும் தண்ணீருக்கு என்றும் கழித்துக்கொண்டு எழுதும் கிலோக்களை அவர்கள் அறிவார்கள். அதன் பெயர் கழிவு.

ஆயினும் கழிவு சிறியது. கழிவைக் காட்டி, பந்தயம் அநீதி என்று வாதிட்டால், 'கழிவே இல்லாவிட்டால் ஒப்புக்கொள்வீரா?' என்று அந்த இளைஞன் திருப்பிக் கேட்பான். கேட்கவும் செய்தான். கேள்வி நியாயமானதே. ஆகவே கழிவை விட்டுவிட்டு, கோட்டையே பார்ப்போம்.

தோட்டத்திலும் ஒரு கோடு இருக்கிறது. நாளொன்றுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று நிர்வாகம் ஓர் அளவை வைக்கிறது. பல தோட்டங்களில் அது 18 கிலோ, 20 கிலோ. அதை எட்டினால் ஒரு பேர். எட்டாவிட்டால் அரைப் பேர். காலை முதல் மாலை வரை ஒரே மலையில், ஒரே மழையில், ஒரே அட்டைக்கடியில் நின்ற இரு பெண்களில் ஒருத்திக்கு முழு நாளும் மற்றவளுக்கு அரை நாளும் எழுதப்படுவதற்கு ஒரு கிலோ போதும். அரை நாள் மாத்திரம் நின்று வேலைசெய்தவள் அவளல்லள். அவளுடைய அரை நாள் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. கூடைப்பந்தில் இல்லாத அரைப் புள்ளியும், மலையில் இல்லாத அரைப் பேரும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்று நான் கருதுகிறேன். இரண்டையும் வரைபவர் களத்தில் இறங்காதவர். இரண்டும் களத்தில் இருப்பவருக்காக வரையப்பட்டவையும் அல்ல.

வித்தியாசமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பந்தயம் கட்டுபவன் தானாகச் சென்று கட்டுகிறான். கொழுந்தெடுப்பவள் தானாகச் சென்று அந்த அளவை ஏற்றுக்கொண்டவள் அல்லள். அன்றியும் பந்தயக் கோடு பலவீனனுக்குச் சாதகமாக வரையப்படுவது; தோட்டத்துக் கோட்டிலே வயதானவளுக்கும் கருவுற்றவளுக்கும் சலுகையில்லை. இந்த இரண்டாம் வித்தியாசம் மிக முக்கியமானது. பந்தயத்தின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. வலியவன் முதுகில் ஈயம் ஏற்றப்படும் இடம் வேறு எங்கே இருக்கிறது? நாம் வாழும் சமுதாயத்தில் வேகமாக ஓடுபவனுக்கு இன்னும் நல்ல குதிரை கொடுக்கிறார்கள். கொழும்பின் பெரிய கல்லூரி மாணவனும், மஸ்கெலியாவுக்கு அப்பால் விஞ்ஞான ஆசிரியரே இல்லாத பாடசாலையின் மாணவனும் ஒரே பரீட்சைத் தாளுக்கு விடை எழுதுகிறார்கள். மாவட்ட ஒதுக்கீடு என்று பல்கலைக்கழக அனுமதியில் ஒரு சிறிய ஈயம் இருக்கிறது. ஆனால் நுவரெலியா மாவட்டத்துக்குள்ளேயே நகரத்துப் பாடசாலைக்கும் தோட்டத்துப் பாடசாலைக்கும் உள்ள தூரத்தை அது அளப்பதில்லை. இப்படியிருக்க, பலமான அணிக்குப் பாரம் ஏற்றி, பலவீனமான அணிக்கு முன்கூட்டியே ஆறரைப் புள்ளி கொடுத்துத் தொடங்கும் ஓர் உலகத்தை ஓர் இளைஞன் காண்கிறான். அங்கே நீதி இருப்பதாக அவனுக்குத் தோன்றுவதில் வியப்பென்ன? அவனைப் பேராசைக்காரன் என்று திட்டும் பெரியவர்கள், அவன் தேடியது நியாயத்தின் சாயலாகவும் இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆனால் அது சாயல்தான். மந்தமான குதிரைமேல் இரக்கங்கொண்டு யாரும் வேகமான குதிரைக்கு ஈயம் ஏற்றவில்லை. பந்தயம் முடிந்ததும் ஈயத்தை எடுத்துவிடுகிறார்கள். நல்ல குதிரை நல்ல இலாயத்துக்குப் போகிறது. பலவீனமான அணிக்குக் கொடுத்த ஆறரைப் புள்ளி அந்த அணியின் வெற்றிப் பட்டியலில் ஏறுவதில்லை. ஆறு புள்ளியால் தோற்ற அணி தோற்ற அணியே. அன்றியும் அந்தக் கோடு ஆட்டத்தின் உண்மையை மட்டும் பார்த்து வரையப்பட்டதன்று. ஒரு பக்கம் பணம் அதிகமாகக் குவிந்தால் மறுபக்கம் பணத்தை இழுப்பதற்காகக் கோடு நகர்த்தப்படும். அணிகளின் பலத்தோடு பணத்தின் சாய்வையும் அளந்து சமன்செய்கிறது அது. விளைவை நிச்சயமற்றதாக்கி, அந்த நிச்சயமின்மையைச் சில்லறையாக விற்பதற்குச் செய்யும் சமத்துவம் ஒன்று. மனிதருக்காகச் செய்யும் சமத்துவம் வேறொன்று. இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுபோல் இருப்பதே இங்குள்ள சிக்கல்.

கழிவே இல்லாத பந்தயத்தைப் பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது. அதற்கு விடை தேட ஐரோப்பியக் கணிதத்தின் பக்கம் சற்றுப் போகவேண்டும். 1654இற் பஸ்கால், பெர்மா என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள், பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பணயப் பணத்தை இருவருக்கும் நியாயமாகப் பிரிப்பது எப்படி என்று கடிதங்களில் விவாதித்தார்கள். நிகழ்தகவு என்னும் கணிதத் துறைக்கு வித்திட்டது அந்தக் கடிதப் போக்குவரத்துத்தான். நம் மாணவர்கள் பாடப்புத்தகத்தில் அந்தத் துறையைக் காண்பார்கள், அது நியாயத்தைப் பற்றிய கேள்வியில் முளைத்தது என்பதைக் காணமாட்டார்கள். அக்கணக்குகளில் ஒரு ரூபாய் யாருடைய கையில் இருந்தாலும் ஒரு ரூபாயே. டானியல் பெர்னூலி 1738இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதை மறுத்தார். ஒரு தொகையின் மதிப்பு அது யாருக்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. ஏழைக்கு அது பெரிது, செல்வனுக்குச் சிறிது என்றார். 2,000 ரூபாய் வைத்திருப்பவன் அதில் 1,000 ரூபாயைச் சமவாய்ப்புப் பந்தயத்தில் வைக்கிறான் என்று கொள்வோம். வென்றால் அவன் கையிருப்பு ஒன்றரை மடங்காகும். தோற்றாற் பாதியாகும். ஏறுவதைவிட இறங்குவது பெரிது. ஆகவே முற்றிலும் நேர்மையான சூதாட்டத்திலும், ஆடும் இருவருக்கும் அது நட்டமே என்று பெர்னூலி முடிவு கூறினார். கையிருப்பு எவ்வளவு சிறியதோ நட்டம் அவ்வளவு பெரியது.

இதை நம் மண்ணுக்குக் கொண்டுவருவோம். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வெளியாயிற்று. ஒருநாட் பேரைப் பந்தயத்தில் இழந்தவனுக்கும், அதே 1,350 ரூபாயைக் கொழும்பில் ஒரு மேசையில் இழந்த செல்வனுக்கும் சட்டம் ஒரே ரசீதைத்தான் கொடுக்கிறது. சட்டத்துக்கு இதில் அக்கறையும் உண்டு: 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் பந்தயத்துக்கும் சூதாட்டத்துக்கும் வரி விதிக்கிறது. தோற்றவனிடமிருந்து வரும் பணத்தில் அரசாங்கமும் பங்காளி. அணிகளுக்கு இடையே ஆறரைப் புள்ளியைக் கொடுத்துச் சமன்செய்தவர்கள், கட்டுபவர்களுக்கு இடையே ஒன்றையும் சமன்செய்யவில்லை. மைதானத்தில் ஈயம் ஏற்றிய கை கடை வாசலில் ஏற்றுவதில்லை.

கோடு, கட்டுபவனை மாத்திரம் பாதிப்பதில்லை, ஆடுபவனையும் பாதிக்கிறது. இதற்கு நியூயோர்க் நகரக் கல்லூரியின் கதையைவிடத் துயரமான சான்று வேண்டுவதில்லை. 1847இல் இலவசக் கல்விச்சாலையாகத் தோன்றி, 1976 வரை கட்டணம் வாங்காமல் ஏழைகளின் பிள்ளைகளுக்குப் பட்டம் வழங்கிய கல்லூரி அது. 1950இல், பெரும்பாலும் யூதக் குடும்பங்களையும் கறுப்பினக் குடும்பங்களையும் சேர்ந்த இளைஞர்களைக் கொண்ட அதன் கூடைப்பந்து அணி, அந்நாட்டுக் கல்லூரிகளுக்குரிய இரு பெரும் போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்றது. வேறு எந்தக் கல்லூரியும் அதைச் செய்ததில்லை. அடுத்த ஆண்டே, 1951 பெப்ரவரியில், அந்த அணியின் வீரர்கள் கைதானார்கள். பணம் பெற்றுக்கொண்டு புள்ளி வித்தியாசத்தைக் குறைத்து ஆடினார்கள் என்பது குற்றச்சாட்டு. விசாரணை விரிந்து ஏழு கல்லூரிகளைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்ட வீரர்களைத் தொட்டது.

அவர்களைத் தூண்டியவர்கள் சொன்னதைக் கவனிக்க வேண்டும். 'தோற்கும்படி உங்களைக் கேட்கவில்லை. வெல்லுங்கள். பத்துப் புள்ளியால் வெல்லாமல் ஐந்து புள்ளியால் வெல்லுங்கள்' என்பதே அந்தப் பேரத்தின் சாரம். கோடு இல்லாத காலத்தில் வீரனை விலைக்கு வாங்க வேண்டுமானால் அவன் தன் அணியைத் தோற்கடிக்கச் சம்மதிக்க வேண்டும். அது அவன் மனச்சாட்சிக்கு முன்னால் அப்பட்டமான துரோகமாக நிற்கும். கோடு வந்தபின் துரோகத்துக்கும் வெற்றிக்கும் இடையே ஒரு சிறிய நிலம் கிடைத்தது. கல்லூரி வெல்கிறது, நண்பர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள், யாருக்கும் கேடில்லை என்று தன்னையே நம்பவைத்துக்கொள்ள அங்கே இடமிருந்தது. ஒழுக்கம் ஒரேயடியாக உடைவதைவிட, அரைப் புள்ளி அரைப் புள்ளியாகத் தேய்வது எளிது. கட்டணமில்லாமற் படித்த ஏழைப் பிள்ளைகள் கைவிலங்கோடு பத்திரிகைகளில் நின்றார்கள். தொழில்முறை ஆட்டத்தின் கதவு அவர்களுக்கு மூடப்பட்டது. தூண்டியவர்களுள் ஒரு நகை வியாபாரியும் சிறை சென்றார் என்பது உண்மையே. கோட்டுக்கு ஒன்றும் நேரவில்லை. 2018 மே 14இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு எதிரான மத்திய சட்டத்தை நீக்கியபின், மாநிலம் மாநிலமாக அது பகிரங்க வியாபாரமாயிற்று. 2024இல் ஜொன்ரே போர்ட்டர் என்ற தொழில்முறை வீரர், பந்தயம் கட்டியவர்களுக்கு உதவியாகத் தம் சொந்தப் புள்ளிகளைக் குறைத்துக்கொண்டதற்காக ஆயுட்காலத் தடை பெற்றார். நோயென்று சொல்லி ஆட்டத்தின் நடுவிலே வெளியேறினார் அவர்.

அதே 1951இல் வேறொருவரும் இருந்தார். மன்ஹட்டன் கல்லூரி அணியில் ஆடிய முதற் கறுப்பின வீரர் ஜூனியஸ் கெலாக். 1,000 டொலர் தருவதாக வந்த ஆசையை அவர் மறுத்தார். மறுத்ததோடு நில்லாமற் பயிற்சியாளரிடம் அறிவித்தார். விசாரணை தொடங்கியதே அதனால்தான். அவரும் ஏழை. ஆகவே வறுமைதான் அந்த இளைஞர்களை விற்றது என்று நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. நம்மவர்கள் சில வேளைகளில் அப்படிச் சொல்லிவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணுகிறார்கள். வறுமை வாசலைத் திறந்துவைக்கும். உள்ளே நுழைவதும் நுழையாமல் நிற்பதும் மனிதனுடைய செயலே. ஆனால் கெலாக்கைக் காட்டி மற்றவர்களைக் கல்லால் அடிப்பதும் நியாயமன்று. ஒரு கெலாக் இருந்தார் என்பது, முப்பது பேருக்கு அந்த வாசலைத் திறந்துவைத்தவரின் பொறுப்பைக் குறைத்துவிடாது.

இனி வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். இதுவரை 'கட்டுபவன்' என்றே எழுதி வந்தேன். காரணம், ரேஸ் கடையில் நிற்பவர்கள் ஆண்கள். கொழுந்தெடுப்பவர்களோ பெரும்பாலும் பெண்கள். மனைவியின் சம்பளத்தைக் கணவனே போய்க் கையொப்பமிட்டு வாங்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. இன்றும் அது எல்லா இடத்திலும் ஒழிந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. ஆகவே பந்தயத் தாளில் வைக்கப்படும் பணம் யாருடையது என்ற கேள்வி இங்கே எழுகிறது. பாரதக் கதையை நம் மக்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அருச்சுனன் தபசு ஆடும் தோட்டங்களில் அது அவர்களுடைய சொந்தக் கதை. சபையிலே திரௌபதி கேட்டது, பகடை நேர்மையானதா என்றல்ல. தன்னை முதலில் தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று கேட்டாள். வீட்டுமன் முதலாக அங்கிருந்த சான்றோர் எவராலும் அதற்கு நேரான விடை கூற முடியவில்லை. பகடை நேர்மையாக உருண்டிருந்தாலும் அவள் கேள்வி நின்றிருக்கும். கடைக் கடனுக்கும் அடகுக்கும் தன் சம்பளத்தை முன்கூட்டியே தோற்றுவிட்டவன், அரைப் பேரில் வந்த இன்னொருத்தியின் பணத்தை ஆறரைப் புள்ளியின்மேல் வைக்கும்போது, ஆட்டம் சமமா என்று கேட்பது அந்தச் சபையினரின் கேள்வி. அவளுடைய கேள்வியை நம் அறநெறி வகுப்புகள் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

அதே லயங்களில், அதே பெண்கள், தற்செயலை வேறொரு விதமாகவும் கையாள்கிறார்கள். 12 பேர் சேர்ந்து மாதம் 5,000 ரூபாய் வீதம் சீட்டுப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் 60,000 ரூபாய் சேர்கிறது. அது யாருக்கு என்பதைப் பெயர் எழுதிய காகிதத் துண்டுகளைக் குலுக்கி எடுத்து முடிவுசெய்கிறார்கள். கூரைத் தகரம் மாற்ற, மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப, காதிலிருந்து அடகுக் கடைக்குப் போன தோட்டை மீட்க, ஒரு மொத்தத் தொகை வேண்டும் என்ற ஏக்கம் இங்கும் உண்டு. பந்தயம் கட்டுபவனை இழுப்பதும் அதே ஏக்கந்தான். அதிர்ஷ்டமும் இங்கே உண்டு. முதலிற் பெயர் விழுந்தவள் அதிர்ஷ்டசாலி. ஆனால் குலுக்கல் இங்கே முடிவுசெய்வது வரிசையை மட்டுமே. கடைசியில் எடுப்பவளும் தான் போட்டதை முழுமையாக எடுக்கிறாள். தோற்றவர் என்று ஒருவர் இல்லை. கழிவும் இல்லை. ஆகவே தற்செயலே தீது என்று நான் சொல்ல மாட்டேன். தற்செயல் யாருடைய கையில், எதற்காக வேலைசெய்கிறது என்பதே விஷயம். (சீட்டுப் பிடித்தவர் பணத்தோடு மறைந்துபோன கதைகளும் உண்டு, சீட்டை நான் கோயிலாக்க வரவில்லை.)

இதை அந்த இளைஞனிடம் சொன்னேன். அவன் சற்று யோசித்தான்.

"சீட்டு நம்ம காசத்தானே சேர் நமக்குத் திருப்பிக் குடுக்குது. அஞ்ச அம்பதா ஆக்காதே" என்றான்.

இந்த மறுப்பை நான் எளிதாக ஒதுக்கவில்லை. சீட்டு, கிடைக்கும் கூலியை ஒழுங்காகப் பங்கிட உதவும், கூலியைப் பெருக்காது. கூலி சிறியதாயின் சீட்டும் சிறியதே. பந்தயம் பெருக்குவதாகச் சொல்கிறது. ஒருவனுக்குப் பெருக்கியும் காட்டுகிறது. ஆனால் ஒரு தோட்டத்து இளைஞர்கள் எல்லோரும் சேர்ந்து ஓர் ஆண்டு கட்டினால், அந்தத் தோட்டத்துக்குள் வந்த பணத்தைவிட வெளியேறிய பணமே அதிகமாயிருக்கும் என்பதை 220க்கும் 210க்கும் இடையிலுள்ள வித்தியாசமே சொல்லிவிடுகிறது. தோட்டத்துக்குள் வரும் பணம் உண்மையாகவே பெருக வேண்டுமானால் அது கூலியாகவே பெருக வேண்டும்.

அந்த வழி எவ்வளவு மெதுவானது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 1,000 ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை 2015இல் எழுந்தது. அட்டனிலும் கொழும்பிலும் ஊர்வலங்கள் நடந்தன. கூட்டு ஒப்பந்தங்கள் வந்து போயின. கம்பெனிகள் நீதிமன்றம் ஏறின. 2021 மார்ச்சில், ஆறாம் ஆண்டில்தான், அது நடைமுறைக்கு வந்தது. அதற்குள் 1,000 ரூபாயின் வாங்கும் சக்தி கரைந்துவிட்டது. சம்பளம் உயர்ந்த அதே பருவத்திற் பல தோட்டங்களில் ஒரு பேருக்குரிய கிலோ அளவும் உயர்த்தப்பட்டது. நேற்றுவரை ஒரு பேர் பெற்றவள் இன்று அதே கொழுந்துக்கு அரைப் பேர் பெற்றாள். அவ்வாறு உயர்த்தப்பட்ட தோட்டங்கள் சிலவற்றில் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், மலைக்குப் போக மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள்.